தரையில் கிடக்கும் பாதி: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார வானொலி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரங்களில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றிருப்போருக்கும், அதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்போருக்கும், ஆன்டெனா நிறுத்த வீட்டில் இடமில்லையே என்று ஓய்ந்திருக்கும் இயற்பியல், மின்னணுவியல் மாணவர்களுக்கும்:



பையில் சுருட்டி எடுத்துச் சென்று இருவர் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடக்கூடிய செங்குத்து ஆன்டெனா ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றியும், அப்படிச் செய்பவர்கள் கம்பத்தின் உயரத்தில் காட்டும் அக்கறையைக் கம்பம் ஊன்றிய தரையில் காட்டாமல் விட்டுவிடுவது பற்றியும் இம்மடல் பேசுகிறது. ஆன்டெனா என்பது அலைபரப்பியிலிருந்து வரும் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை வானொலி அலையாக மாற்றி வெளியில் விடும் கம்பி அல்லது குழாய் அமைப்பு. வெளியிலிருந்து வரும் அலையை மின்னோட்டமாக மாற்றித் தருவதும் அதே அமைப்புதான். கரிசலும் செம்மண்ணும் கருவேலங்காடும் கண்மாயும் கலந்து கிடக்கும் இந்த வறண்ட நிலத்தில் அதைக் கட்டும்போது மண் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்து கட்டினால், பத்து வாட் ஆற்றலே கடல் தாண்டிப் பேசப் போதும். அறியாமல் கட்டினால் நூறு வாட்டும் மண்ணைச் சூடாக்கவே செலவாகும்.

‘ஹாம்’ என்று வழங்கும் அமெச்சூர் வானொலி, ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, தேர்வெழுதி அரசு உரிமம் பெற்றவர்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் நேரடியாகத் தொடர்புகொள்ளும் பணியாகும். 12 வயது நிறைந்த எவரும் இந்தியாவில் அதற்கான தேர்வை எழுதலாம். வெற்றி பெற்றவர்க்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறியை வழங்குகிறது. தமிழகத்தில் வானொலி தொடங்கியதே ஆர்வலர்களின் முயற்சியால்தான் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது: 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் தொடங்கிய சென்னை மாகாண வானொலி மன்றமே இங்கு முதலில் ஒலிபரப்பியது, அரசின் வானொலி நிலையம் சென்னைக்கு வந்தது 1938இல்.

இந்த வட்டாரத்து ஆர்வலருக்குச் செங்குத்து ஆன்டெனா ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஊரின் அமைப்பே விடை சொல்கிறது. அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. விசைத்தறி மோட்டார்களும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் மின்மாற்றிப் பெட்டிகளும் எழுப்பும் மின்னிரைச்சல், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலை விழுங்கிவிடுகிறது. ஊரை விட்டுப் பத்துக் கிலோமீட்டர் வெளியே போனால் அந்த இரைச்சல் அடங்கி, கருவி சட்டென்று ஊமையாகிவிட்டதோ என்று ஐயுறும் அளவுக்குக் காது தெளிகிறது. ஆனால் அங்கே மரமில்லை. இருப்பவை பெரும்பாலும் ஆள் உயரத்துக்குச் சற்றே மேலெழும் சீமைக்கருவேலும், கண்மாய்க் கரையில் ஒன்றும் இரண்டுமாக நிற்கும் பனையும். கிடைமட்டமாகக் கட்டும் இருமுனை ஆன்டெனாவை, அதாவது நடுவில் பிரித்து ஊட்டப்படும் அரை அலைநீளக் கம்பியை, உயர்த்திப் பிடிக்க நல்ல உயரத்தில் தாங்குமரங்கள் வேண்டும். செங்குத்து ஆன்டெனாவுக்கு ஒரே ஒரு கழி போதும்.

இத்தகைய எளிய நிலையங்கள் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு அந்தமானில் 2004ஆம் ஆண்டு நடந்தது சான்றாகும். வி.யு.2.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியுடைய பாரதி பிரசாத் அம்மையாரின் தலைமையில், ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று, உலக ஆர்வலர்களுக்கு அரிதாகவே வாய்க்கும் அந்தமான் தொடர்பை வழங்குவதற்காக அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்திருந்தது. டிசம்பர் 26 காலை 6.29 மணியளவில் நிலநடுக்கமும் தொடர்ந்து ஆழிப்பேரலையும் தாக்கித் தொலைபேசிகள் வீழ்ந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகளும் ஆன்டெனாக்களும் தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தன. உறவினரின் நலம் கேட்டுத் தவித்தவர்களுக்கு விடை வந்தது அவற்றின் வழியாகத்தான். கழற்றி எடுத்து வேறிடத்தில் நிறுத்தத்தக்கதாக அக்கருவிகள் இருந்ததே அவற்றின் முதன்மையான தகுதி. அருப்புக்கோட்டையிலிருந்து போர்ட் பிளேயர் நேர்கோட்டில் சுமார் 1,600 கிலோமீட்டர். அயனி மண்டலத்தில், அதாவது கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்ற மேல்வளி அடுக்கில், ஒரே முறை பட்டுத் திரும்பும் அலை அந்தத் தொலைவை எட்ட, அது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 20 பாகைக் கோணத்தில் புறப்பட வேண்டும். செங்குத்து ஆன்டெனா அலையை மிகுதியாக அனுப்புவது இதுபோன்ற தாழ்ந்த கோணங்களில்தான்.

இனி அதன் இயல்பு. அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள கம்பியைத் தரையிலிருந்து நிமிர்த்தி, அதன் அடியில் மின்னோட்டத்தை ஊட்டினால், அது ஊட்டப்படும் அதிர்வெண்ணோடு ஒத்ததிர்ந்து அலையை வீசும் என்பது மார்க்கோனியின் காலம் முதல் அறியப்பட்டது. மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அதிர்வெண்ணால் 71.5ஐ வகுத்தால் அந்த உயரம் மீட்டரில் கிடைக்கும்: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10 மீட்டர், 14.15க்கு 5.05 மீட்டர், 21.2க்கு 3.37 மீட்டர். மதுரை வானொலியின் மத்திய அலைவரிசையான 1269 கிலோஹெர்ட்ஸுக்கு இதே கணக்கில் 56 மீட்டருக்கு மேல் வருகிறது. மத்திய அலை நிலையங்களில் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவைத் தேடுவோர் ஏமாறுவதற்குக் காரணம், கோபுரமே அங்கு ஆன்டெனாவாக நிற்பதுதான். அக்கோபுரங்களைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் செம்புக் கம்பிகள் மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருக்கின்றன. அலைபரப்பியிலிருந்து வரும் கேபிளின் ஒரு கடத்தி நிமிர்ந்த கம்பியில் சேர்ந்தால் மறு கடத்தி எங்கேனும் சேர்ந்தாக வேண்டும். மேலேறும் மின்னோட்டம் ஒவ்வொன்றுக்கும் திரும்பிவரும் பாதை ஒன்று தேவை. அந்தப் பாதை தரை. நல்ல கடத்தியான தரை, நிலைக்கண்ணாடி உருவத்தைக் காட்டுவதுபோல், மேலே நிற்கும் கால் அலைக்குக் கீழே இன்னொரு கால் அலை இருப்பதாகக் காட்டி அரை அலையாக்கிவிடுகிறது.

கடல்நீரின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 5 சீமென்ஸ் அளவில் இருக்க, நடுத்தரமான விளைநிலத்துக்கு அது 0.005 அளவில்தான், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். காய்ந்த மணலுக்கு இன்னும் குறைவு. குண்டாற்றின் வறண்ட மணற்படுகை பார்வைக்கு எத்தனை விசாலமாக இருந்தாலும் ஆன்டெனாவுக்கு ஏழை நிலம். செம்மண் சரளையும் அதற்கு வெகுவாக மேலானதன்று. நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண் செறிந்த கரிசலும், நீர் வற்றியபின் கண்மாய் உட்புறத்தில் படிந்துகிடக்கும் வண்டலும் இவ்வட்டாரத்தில் கிடைக்கும் நல்ல இடங்கள். ஆனால் அதே கரிசல் சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துக் கை நுழையும் அளவுக்குப் பிளந்து நிற்கும்போது தை மாதத்துக் கரிசலாக இருப்பதில்லை. நிறைந்த கண்மாயின் கரை கடற்கரைக்கு ஈடாகும் என்று எண்ணுவதும் பிழை; உப்பில்லாத நீர் அந்த உதவியைச் செய்யாது.

மின்சாரப் பாதுகாப்புக்காக வீடுகளில் குழி தோண்டி, உப்பும் கரியும் இட்டு எர்த் குழாய் இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றி வரும் வழக்கத்தை அறிந்தவர்கள், ஆன்டெனாவின் அடியிலும் ஒரு இரும்புக் கம்பியை அடித்து ஒரு குடம் நீர் ஊற்றினால் போதும் என்று கருதிவிடுகிறார்கள். மிகுதியாகக் காணப்படும் தவறு இதுவே. ஆன்டெனாவின் திரும்புமின்னோட்டம் கம்பி அடித்த புள்ளியில் ஆழமாக இறங்குவதில்லை. கம்பத்தைச் சுற்றிப் பல மீட்டர் தொலைவுவரை தரையின் மேற்பகுதியில் பரவி, அங்கிருந்து அடிப்பகுதிக்குக் கூடுகிறது. அவ்வளவு பரப்பையும் குடத்தால் நனைக்க முடியாது. மண் செய்யாததைச் செம்புக் கம்பி செய்ய வேண்டும்; ரேடியல்கள் எனப்படும் ஆரக்கம்பிகளின் வேலை அதுதான். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூவரும் 1937இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு கம்பிகளில் தொடங்கி 113 கம்பிகள்வரை புதைத்து அளந்து, கம்பிகள் கூடக்கூட மண்ணில் வீணாகும் ஆற்றல் குறைவதை எண்களால் நிறுவியது. எடுத்துச் செல்லும் ஆன்டெனாவுக்கு 113 வேண்டாம். பதினாறு நல்ல தொடக்கம்.

கருவியின் முள் பொய் சொல்லும் இடமும் இங்கேதான் வருகிறது. ஆன்டெனாவுக்கு அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை நிலையலை விகிதம் என்னும் எண் காட்டுகிறது, எஸ்.டபிள்யு.ஆர். என்று ஆர்வலர்கள் வழங்குவது இதனையே. கேபிளின் 50 ஓமுக்கு ஆன்டெனாவும் 50 ஓமாக அமைந்தால் அவ்வெண் 1. எல்லோரும் விரும்புவது அதை. ஆனால் குறையற்ற தரைமேல் நிற்கும் கால் அலைக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் தடை, 36 ஓம்தான். வெறும் இரும்புக் கம்பியை மட்டும் அடித்த காய்ந்த மண் 60 ஓம் சேர்க்கிறது எனக் கொண்டால் மொத்தம் 96 ஓம், விகிதம் 1.9, ஆற்றலில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் மண்ணுக்கு. சில ரேடியல்களை விரித்து மண்ணின் பங்கை 14 ஓமாகக் குறைத்தால் மொத்தம் சரியாக 50 ஓம், விகிதம் 1. ஆர்வலர் மகிழ்ந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார். இன்னும் கம்பிகளை விரித்து மண்ணின் பங்கை 4 ஓமுக்குக் கொண்டுவந்தால் விகிதம் 1.25 ஆக ஏறுகிறது. முள் கெட்டுவிட்டதாகக் காட்டுகிறது, ஆன்டெனாவோ முன்னைவிட நன்றாக வீசுகிறது. ரேடியல் சேர்த்ததும் எஸ்.டபிள்யு.ஆர். கூடியதைக் கண்டு சேர்த்ததைச் சுருட்டி வைத்துவிட்டவர்கள் பலர் இருக்கக்கூடும். முள்ளை மட்டும் நம்பாமல், தொலைவில் உள்ள நிலையம் தரும் ஒலி அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்வதே முறை.

14 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் செய்முறைக்கு வேண்டியவை அருப்புக்கோட்டையின் மின்பொருள் கடையிலும் பெயின்ட், பைப் கடைகளிலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 90 மீட்டர்ச் சுருளாக வருகிறது. அதில் ஐந்து மீட்டர் வீதம் 16 ரேடியல்களுக்கு 80 மீட்டர், நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு 5.2 மீட்டர் வெட்டிய பின்னும் நான்கு மீட்டருக்கு மேல் மிஞ்சும். ஆறு மீட்டர் நீளும் கண்ணாடியிழைத் தூண்டில் கழி கிடைத்தால் கம்பம் ஆயிற்று. கரியிழைக் கழி மின்சாரத்தைக் கடத்துவதால் அதை விலக்க வேண்டும். கழி கிடைக்காவிடில் மூன்று மீட்டர் மூங்கில் இரண்டைப் பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் செருகி இணைத்துக்கொள்ளலாம். சுமக்கச் சற்றுக் கனம், அவ்வளவே. அடியில் ஓர் அலுமினியத் தகடு, அதன் நடுவே கேபிள் செருகும் சாக்கெட்; சாக்கெட்டின் நடு முனையில் நிமிர்ந்த கம்பி, தகட்டைச் சுற்றித் துளையிட்டுப் பொருத்திய போல்ட்டுகளில் வளைய லக் வைத்த ரேடியல்கள்.

நிமிர்ந்த கம்பியைக் கணக்குக்குச் சற்று நீளமாகவே விட்டு, கழியின் உச்சியில் மீதியைப் பின்னால் மடித்து, தன்மேலேயே முறுக்கிவிட்டு அளக்க வேண்டும். வெட்டிய கம்பி வளராது, மடித்ததை அவிழ்த்துக்கொள்ளலாம். 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் ஒத்ததிர்வு சுமார் 28 கிலோஹெர்ட்ஸ் உயரும், வயரின் பி.வி.சி. உறை அலையின் வேகத்தைச் சிறிது குறைப்பதால் முடிவான நீளம் 5.05க்குச் சில சென்டிமீட்டர் உள்ளேயே வந்து நிற்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தரையில் கிடக்கும் ரேடியல்களுக்கு அந்தத் துல்லியமும் தேவையில்லை. மண்ணின் அருகாமை அவற்றின் ஒத்ததிர்வைக் கலைத்துவிடுவதால் நீளம் முன்பின் இருந்தாலும் எண்ணிக்கையே பேசும். அவற்றை மொத்தமாகச் சுருட்டினால் அடுத்த முறை அரை மணி நேரமும் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். தறிக்குத் தார் சுற்றிப் பழகிய கைகள் நிறைந்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனிக் கட்டையில் எட்டு வடிவில் சுற்றி, விரிக்கும்போது முனையை ஆட்டு முளை போன்ற சிறு குச்சியால் அழுத்திவிட வேண்டும். கோடைக் கரிசலில் குச்சி இறங்காது. கல்லைத் தூக்கி வைத்தால் போதும். வெடிப்புகளின் குறுக்கே கம்பி பாலம்போல் கிடப்பதாலும் கேடில்லை.

கேபிளின் வெளிப்பின்னலும் ஒரு கடத்தியாதலால், அது தானும் ஒரு ரேடியலாகி உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைக் கருவிவரை இழுத்து வரும். மைக்கைத் தொடும் உதட்டில் சுள்ளென்று உறைப்பது அதனால்தான். தகட்டுக்கு அருகிலேயே கேபிளை ஒரு சாண் விட்டத்தில் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டால் அந்த வழி பெருமளவு அடைபடும்.

இதே ஐந்து மீட்டர்க் கம்பியை 7 மெகாஹெர்ட்ஸுக்கும் பயன்படுத்த விரும்புவோர், குறைந்த உயரத்தை ஈடுகட்ட அடியில் ஒரு சுருளைச் சேர்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் சுமார் 18 சுற்றுச் சுற்றினால் தேவையான 11, 12 மைக்ரோஹென்றி கிடைக்கும். ஓரிரு சுற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். விலை இல்லாமல் இது வருவதில்லை. அரை உயரத்தில் கதிர்வீச்சுத் தடை ஐந்தரை ஓம் அளவுக்கு வீழ்ந்துவிடுவதால், மண் 15 ஓமும் சுருள் 2 ஓமும் எடுத்துக்கொள்ளும் நிலையில், பத்து வாட்டில் இரண்டரை வாட்டுக்கும் குறைவாகவே அலையாகிறது; முழுப் பத்து மீட்டர்க் கம்பியானால் அதே மண்ணில் ஏழு வாட் வெளியேறும். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், எளிதில் கிடைக்கும் உதிரிகளைக் கொண்டு செய்யத்தக்கதாக வடிவமைத்த பிட்எக்ஸ் போன்ற சிற்றாற்றல் கருவிகளை வைத்திருப்போர்க்கு இந்த வேறுபாடு பெரிது. சுருளைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் கம்பத்தை இரண்டு மீட்டர் உயர்த்துவதும், ரேடியல்களைக் கூட்டுவதும் மேல்.

இந்த ஆன்டெனா எதற்கு ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நேர் மேலே அது ஏறத்தாழ ஒன்றும் வீசுவதில்லை. மதுரையோடோ இராமநாதபுரத்தோடோ அயனி மண்டலம் வழியாகப் பேச அலை கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும். சுமார் 460 கிலோமீட்டரில் உள்ள சென்னைக்கே 50 பாகைக் கோணம் தேவை. பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் தமிழகத்துக்குள் பேசுவதற்குத் தாழக் கட்டிய இருமுனைக் கம்பியே சிறந்தது. மாவட்டத்துக்குள் பேரிடர்க்காலத் தொடர்பு என்று திட்டமிடுவோர் இதை மறந்து செங்குத்தை மட்டும் தூக்கிச் செல்லக் கூடாது. ஒரே கழியை உச்சியாகக் கொண்டு இருபுறமும் சரித்துக் கட்டும் தலைகீழ் ‘வி’ வடிவ இருமுனையையும் அதே பையில் வைத்துக்கொண்டால் இரண்டு தேவைகளும் நிறைவேறும்.  

பாதுகாப்பில் சலுகைக்கு இடமில்லை. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் மட்டுமே நிறுத்த வேண்டும். தோட்டங்களுக்குப் போகும் பம்புசெட் இணைப்புக் கம்பிகள் தாழ்ந்து தொங்குவதால், அண்ணாந்து பார்த்து, நடந்து அளந்த பிறகே கழியை நீட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் மரமற்ற கரிசல்வெளியில் நிற்கும் ஆறு மீட்டர்க் கம்பமே சுற்றுவட்டத்தில் உயரமான பொருளாக இருக்கும். தொலைவில் இடி கேட்ட உடனேயே கேபிளைக் கழற்றிவிட்டு அகல வேண்டும். ஆடுகள் மேயும் இடமானால் அலைபரப்பும்போது அவை ரேடியல்களை மிதியாமலும் கம்பியைத் தீண்டாமலும் ஒருவர் காவல் நிற்பது நல்லது. உரிமத்தில் குறித்த முகவரியை விட்டு வெளியிடத்தில் நிலையம் இயக்குவோர் அதற்கான அனுமதியை முன்னரே பெற்றிருக்க வேண்டும். கண்மாயோ தரிசோ, நிலத்துக்கு உரியவர்களிடமும் ஊராரிடமும் சொல்லிவிட்டுக் கம்பியை விரிப்பது, தேவையற்ற ஐயங்களைத் தவிர்க்கும்.

இவ்வட்டார ஆர்வலர்களிடம் இம்மடல் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. மேலே சொல்லப்பட்ட 36 ஓம் கணக்கிலிருந்து வந்தது. 60, 15, 14, 4 ஆகியவை விளக்கத்துக்காகக் கொண்ட எண்கள். பாலையம்பட்டிச் செம்மண்ணும் பந்தல்குடிப் பக்கத்துக் கரிசலும் திருச்சுழிக் குண்டாற்று மணலும் உண்மையில் எத்தனை ஓம் எடுத்துக்கொள்கின்றன என்பதை அளந்து எழுதி வைக்கக்கூடியவர்கள் இங்கு வாழ்பவர்களே. ஒரே ஆன்டெனாவை மூன்று மண்ணிலும், ஒவ்வொன்றிலும் நான்கு, எட்டு, பதினாறு ரேடியல்களோடு நிறுத்தி, அடிப்பகுதியின் மின்மறுப்பை, அதாவது உயர் அதிர்வெண் மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்தத் தடையை, அளந்து, அதே தொலைநிலையத்திடம் ஒலி அளவைக் கேட்டுக் குறிப்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. கோடையில் ஒரு முறையும் மழைக்குப்பின் ஒரு முறையும் அதைச் செய்ய வேண்டும். குறிப்பேட்டில் தேதி, இடம், மண், ரேடியல் எண்ணிக்கை, மின்மறுப்பு, ஒலி அளவு ஆகிய பத்திகளோடு, அந்த இடத்தில் கடைசியாக மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்பதற்கும் ஒரு பத்தி விட்டுவைக்க வேண்டுகிறது இம்மடல். நாள் கணக்கு அங்குள்ள சம்சாரிகளைக் கேட்டால் பிசகாமல் கிடைக்கும்.